தொங்கல் காம்பிராவில் ஆதிச் சபை

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். எனக்குச் சின்னம்மா முறையான ஒருவர் அங்கே லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பிராவில் இருக்கிறார். வீட்டில் ஜெபக் கூட்டம், கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். போயிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அடுப்படியை மறைத்து ஒரு சாக்குத் திரை. உள்ளே பதினேழு பேர், இஸ்தோப்பில் இன்னும் ஒன்பது பேர். பிள்ளைகளைக் கட்டிலின் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். லயத்தில் காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை எழும்பாது என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் காம்பிராவில் ஓடிய தொலைக்காட்சி நாடகத்தின் அழுகையும் எங்கள் துதியும் ஒன்றாகவே போய்த் தகரத்தில் முட்டின.

கொழும்பிலிருந்து வந்திருந்த போதகர் தம்பி நல்ல பிள்ளை. முப்பது வயது இருக்கலாம். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, இதுதான் ஆதிச் சபை! அப்போஸ்தலர் காலத்துல இப்படித்தான் வீடு வீடா கூடினாங்க. கோயில் இல்ல, அங்கி இல்ல, ஐயர் இல்ல. அந்த எளிமைக்கு நாம திரும்பணும்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

இது அந்தத் தம்பி ஒருவருடைய கருத்து என்றால் விட்டுவிடலாம். இன்று மலையகத்தில் இதுதான் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் பேச்சு. சென்னையிலிருந்து யூடியூபில் பேசுகிறவர் சொல்கிறார், ஹட்டன் நகர மண்டபத்தில் வாடகைக்குக் கூடுகிறவர்கள் சொல்கிறார்கள். கோயில் பக்கமே போகாத என் பல்கலைக்கழக நண்பர்கள்கூட வேறு சொல்லில் அதையே சொல்கிறார்கள்: இயேசு எளியவர், சபைதான் அவரைக் கெடுத்தது. கட்டடம், பதவி, பதிவேடு, சந்தா எல்லாம் கான்ஸ்டன்டைன் ராஜா காலத்தில் ஒட்டிய அழுக்கு, அதன்மேல் வெள்ளைக்காரத் துரைமார் பூசிய சாயம். கழுவிவிட்டால் உள்ளே பழைய எளிய கிறிஸ்தவம் பளபளவென்று கிடைக்கும் என்கிறார்கள். இரண்டு காரணங்களால் இதை நான் மறுக்கிறேன். அப்படி ஒரு எளிய ஆதிச் சபை இருந்ததில்லை. இருந்திருந்தாலும், அதை லயத்தில் கொண்டுவந்து வைப்பதால் நன்மை அடைவது தோட்டத்துச் சனம் இல்லை.

துரைமார் சாயம் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1854இல் கண்டியில் தொடங்கிய மிஷனுக்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. செலவுக்குக் காசு கொடுத்தவர்களில் கோப்பித் தோட்டத் துரைமார் உண்டு. கொடுத்தவர்கள் எல்லோரும் ஆத்துமாவை நினைத்துத்தான் கொடுத்தார்கள் என்று நான் சாட்சி சொல்லப் போவதில்லை. பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. 1879இல் இறந்த புகழ்பெற்ற புகைப்படக்காரர். இன்றும் வெளிநாட்டார் தேடிவந்து பார்த்துப் போகிறார்கள். அதே மலையில் செத்த எங்கள் ஆட்களின் குழிக்கு மேலே தேயிலை நிற்கிறது. இந்தக் கணக்கு எனக்கும் மறக்கவில்லை.

ஆனால் அந்த மிஷனின் வேலையை லயத்துக்கு லயம் நடந்து செய்தவர்கள் துரைமார் இல்லை, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டால் பகலில் பேச ஆள் கிடைக்காது; சனம் வேலை விட்டு வரும் அந்திக்குத்தான் கூட்டம் கூட்ட முடியும். அவர்கள் விட்டுப்போனவற்றில் பாட்டும் பிரசங்கமும் போக ஒரு பொருள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆதிச் சபை. அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரத்தைப் பாராமல் சொல்லும் தம்பிமார் ஆறாம் அதிகாரத்தை ஏன் அவசரமாகத் தாண்டுகிறார்கள்? எருசலேம் சபையில் நடந்ததாக எழுதப்பட்ட முதல் உட்சண்டையே மொழிச் சண்டை. கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்குத் தினப்பங்கீடு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. எபிரேயம் பேசுகிறவர்கள் கையில் பங்கீடு இருந்தது. 1956க்குப் பிறகு கச்சேரியில் தமிழில் ஒரு படிவம் கேட்டு நின்ற எவருக்கும் இந்த வழக்கை விளக்கத் தேவையில்லை. அப்போஸ்தலர் அதற்கு என்ன செய்தார்கள்? எல்லோரும் எளிமையாக இருங்கள் என்று உபதேசம் பண்ணிவிட்டுப் போகவில்லை. ஏழு பேர் கொண்ட குழுவைச் சபையாரைக் கொண்டே தெரிந்தெடுத்து, கை வைத்து, பொறுப்புக் கொடுத்தார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தாரிடமே பங்கீட்டுக் கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வராத புத்தி அது. சபையில் முதல் பதவி பிறந்தது இப்படித்தான். கான்ஸ்டன்டைனின் கொள்ளுப்பாட்டன்கூட அப்போது பிறந்திருக்க மாட்டான்.

பிறகு தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் விதவைகள் பட்டியலுக்கு வயது எல்லையே வந்துவிடுகிறது: அறுபது. ஓய்வூதியத் திணைக்களம்போல. 112 அளவில் கருங்கடல் பக்கத்து ரோம ஆளுநர் பிளினி இரண்டு அடிமைப் பெண்களைப் பிடித்து வதைத்து விசாரித்ததை ராஜாவுக்கு எழுதுகிறார். அந்தப் பெண்களுக்குச் சபையில் ஊழியப் பதவிப் பெயர் இருந்ததையும் எழுதுகிறார். 197 அளவில் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் விவரிக்கும் சபையில் மாதச் சந்தா இருந்தது. முடிந்தவர் முடிந்ததைப் போடுவார்கள். அந்தக் காசு ஏழைகளுக்குச் சோறு போடவும் செத்தவர்களை அடக்கவும், அநாதைப் பிள்ளைகளுக்கும், சுரங்கத்துக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர்களுக்கும் போனது. 251இல் ரோமச் சபையின் ஆயர் கொர்னேலியு ஒரு கடிதத்தில் கணக்கே கொடுக்கிறார்: மூப்பர் 46 பேர், டீக்கன்மார் 7 பேர், அவர்களுக்குக் கீழே உதவியாளர், வாசிப்பவர், வாசல் காப்பவர் என்று வரிசை, சபை பராமரித்த விதவைகளும் வறியவர்களும் 1,500 பேருக்கு மேல். கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தது 313இல். அதற்கு அறுபது வருடம் முன்பே, ஒளிந்து வாழ்ந்த ஒரு சபை, ஆயிரத்து ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டுக் கணக்கும் எழுதி வைத்திருந்தது. தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோல் புத்தகம் பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் சபை ரொம்பவே பரிச்சயமாகத் தெரிகிறது.

'ஆதிக்குத் திரும்புதல்' என்ற சொல் எவ்வளவு வளையும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையே சாட்சி. 1857இல் அங்கே சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனரிமாரோடு முறித்துக்கொண்டு இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அவருக்கு ஆதி என்றால் பழைய ஏற்பாடு: சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், சடங்கு முறைகள். மிஷனரிமார் வைத்திருந்ததைவிடக் கூடுதலான சடங்கு. மூன்றே வருடத்தில், 1860இல், கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பனின் எழுப்புதல். அவருக்கு ஆதி என்றால் குருப்பட்டமில்லாத ஐக்கியம், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை. ஒரே சீமை, ஒரே வேதப்புத்தகம், மூன்று வருட இடைவெளி. இருவரும் ஆதிக்குத்தான் போனார்கள், ஒருவர் வடக்கே, மற்றவர் தெற்கே. இருவரையும் நான் மதிக்கிறேன். வெள்ளைக்காரன் கையில் வாங்கித் தின்னமாட்டோம் என்று நின்றவர்கள். ஆனால் ஆதி எது என்று அவர்களுக்குச் சொன்னது ஆதி இல்லை, அவரவர் காலத்துத் தேவை. நம்முடைய தேவை என்ன என்று கேட்காமல் ஆதிக்குத் திரும்பச் சொல்கிறவர், தம் தேவையை நமக்கு ஆதி என்று விற்கிறார்.

ஆதிக்குத் திரும்புவதை நம் நாட்டிலேயே உயிரைக் கொடுத்துச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1920களில், கேரளத்திலிருந்து சிறுவனாக வந்த ராமன்குட்டி என்ற பாஸ்டர் பாலும், ஆல்வின் டி அல்விஸும் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். ஊழியருக்குச் சம்பளம் இல்லை, கல்யாணம் இல்லை, சொந்தச் சொத்து இல்லை, மருந்து இல்லை. வெள்ளை உடை, விசுவாச வீட்டில் கூட்டு வாழ்க்கை. அந்த வெள்ளைச் சேலைச் சகோதரிகள் குடையோடு மண்பாதையில் ஏறி வருவதைப் பார்த்தால் என் கை தானாகக் கும்பிடும். சொன்னதைச் செய்தவர்கள். ஆனால் நூறு வருடத்தில் நடந்ததைப் பாருங்கள். ஊழியருக்குள் படிநிலை வந்தது, தலைமையிடம் வந்தது, வருடாந்தக் கன்வென்ஷன் வந்தது, எழுதின விதியும் எழுதாத விதியும் வந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தால் அப்படித்தான் ஆகும். எருசலேமிலும் அப்படித்தான் ஆனது. அந்த மருந்து விஷயத்தில் மட்டும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தாமே விரும்பித் துறவு பூண்ட ஊழியர் மருந்தை விடுவது அவர் பாடு. அதைப் பார்த்துவிட்டுச் சின்னச் சின்னக் குழுக்கள் இன்று லயத்தில், சீனி வருத்தக்காரப் பெண்ணிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்கின்றன. டிஸ்பென்சரிக்கு ஆள் வேண்டும், அம்புலன்ஸ் வேண்டும் என்று தோட்டத்தில் இத்தனை காலம் போராடியது இதற்காகவா?

இனி வீட்டுச் சபைக்கு வருவோம். ஆதிச் சபை வீட்டில் கூடியது என்பது உண்மை. எந்த வீட்டில்? எருசலேமில் மாற்கின் தாய் மரியாளின் வீட்டில். வாசல் கதவும் அதைத் திறக்க வேலைக்காரப் பெண்ணும் இருந்த வீடு. பிலிப்பியில் இரத்தாம்பர வியாபாரி லீதியாளின் வீட்டில். பிலேமோனின் வீட்டில், அவனுக்கு அடிமையே இருந்தான். சொந்த வீட்டுக்காரர்கள் இவர்கள் எல்லோரும். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சபை வீடு சிரியாவில், யூப்ரடீஸ் கரையில், தூரா எவ்ரோப்போஸ் நகரில் தோண்டியெடுக்கப்பட்டது. ஒரு சாதாரண வீடு. 240 அளவில் அதைச் சபையாக மாற்றினார்கள். எப்படி? இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து, எழுபது பேர் அளவில் கூடக்கூடிய மண்டபம் ஆக்கினார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டினார்கள். சுவரில் நல்ல மேய்ப்பனைத் தீட்டினார்கள். 'வீட்டில் கூடினார்கள், கட்டடம் தேடவில்லை' என்று சொல்கிற எல்லோருக்கும் அந்த இடித்த சுவரைக் காட்ட ஆசை. கைக்கு வசதி வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை வீட்டைக் கோயிலாக மாற்றியது.

எங்கள் சின்னம்மாவால் அந்தச் சுவரை இடிக்க முடியுமா? ஆணி அடிக்கவே ஆபீஸில் சொல்லவேண்டும். காம்பிரா கம்பனியுடையது. 1972-75 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, லயம் மட்டும் ஒருநாளும் லயத்தில் இருப்பவருக்கு வரவில்லை. பிள்ளை வேலைக்குப் பேர் பதியாவிட்டால் காம்பிராவைப் பற்றிக் கேள்வி வரும். அதனால்தான் தோட்டத்துக் கிறிஸ்தவனுக்கு அந்தச் சின்னத் தகரக் கோயில் பெரிய விஷயம். இந்துவுக்கு மாரியம்மன் கோயில் எப்படியோ அப்படி. துரை கைவைக்க யோசிக்கிற ஒரே நாலு சுவர். அங்கே சங்கக் கூட்டம் நடந்திருக்கிறது, மாலை வகுப்பு நடந்திருக்கிறது, கலவரக் காலத்தில் பெண்டு பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். அதை 'வெறும் கட்டடம்' என்று சொல்ல, கட்டடம் உள்ளவரால்தான் முடியும்.

அரசாங்கம் ஒரு பக்கம் நெருக்குகிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. 2008 ஒக்டோபரில் மத விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. அதைக் காட்டிப் பல சிறு சபைகளைப் பொலிசும் உள்ளூர் ஆட்களும் மூடச் சொல்லியிருக்கிறார்கள். கட்ட இடமில்லாதவர் காம்பிராவில் கூடுவதை யார் குறை சொல்ல முடியும்? கூடட்டும். அந்த இல்லாமையை ஆதிப் பெருமை என்று பெயரிட்டு வணங்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். அப்படி வணங்கத் தொடங்கிவிட்டால் இடம் கேட்டுப் போராட யாரும் எழும்பமாட்டார்கள்.

உபதேசிமார் விட்டுப்போன பொருளைச் சொல்வதாகச் சொன்னேன். அது ஞானஸ்நானப் பதிவேடு. எங்கள் சபையில் ஒன்று இருக்கிறது: நீளமான புத்தகம், துணி அட்டை, முதுகு பிரிந்து சணல் நூலால் கட்டியது. கட்டம் கட்டமாக: தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டம், தகப்பனின் தொழில். தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: கூலி. படித்தால் ஆத்திரம் வரும். ஆனால் அந்தப் புத்தகத்தில் 1938, 1940, 1943, 1945 என்று நாலு இடத்தில் என் தாத்தாவின் பெயரும் அப்பாயியின் பெயரும் இருக்கின்றன. என் பெரியப்பா, அத்தைமார், அப்பா.

1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தில் மனுப் போடலாம், ஆனால் குடும்பஸ்தன் ஏழு வருடம் தொடர்ந்து இங்கேயே இருந்ததைக் காட்டவேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுப் போடப்பட்டது. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எழுத்துத் தெரியாதவன் ஏழு வருட வாழ்க்கைக்கு எதைக் காட்டுவான்? என் தாத்தா உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு அந்த நாலு பதிவின் நகலையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பிள்ளை, ஒரே தோட்டம், ஒரே கையெழுத்து. மனு தேறியது. அந்தக் காகிதத்தால் மட்டும்தான் தேறியது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த காம்பிராக்காரர், அதே வருடங்கள் அதே மலையில் கவ்வாத்து வெட்டியவர், காட்ட ஒன்றுமில்லாமல் நின்றார். எங்கள் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. இப்போது கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேரப்பிள்ளைகள் கொழுந்து எடுக்கிறார்கள். கிறிஸ்தவன் அல்லாதவனுக்கு அந்தப் புத்தகம்கூட இல்லையே என்று கேட்டால், ஆமாம், இல்லை. அந்த அநியாயத்துக்குப் பரிகாரம் எல்லோருக்கும் பதிவேடு இருப்பது. இருக்கிற ஒன்றையும் 'சடங்கு' என்று தூக்கிப் போடுவது பரிகாரம் ஆகாது. ஓடையில் மறுஞானஸ்நானம் கொடுக்கிற எத்தனை எளிய சபைகள் அன்று முழுகினவரின் பெயரை எழுதி வைக்கின்றன?

எளிமை என்ற சொல்லுக்கு மலைநாட்டில் நல்ல வரலாறும் உண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் பிறந்தபோது கண்டி ஆயர் பதவியை விட்டு அந்தப் பின்தங்கிய இடத்துக்குப் போனார் லியோ நாணயக்கார ஆண்டகை. அதே வருடம் கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் சத்தியோதயத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து வேலை செய்த இடம். இருவரும் எளிமையைத் தங்கள் மேல்தான் போட்டுக்கொண்டார்கள். தொழிலாளியிடம் போய் எளிமையாக இரு என்று கஸ்பர்ஸ் சாமி சொன்னதில்லை. தொழிலாளிக்காக அவர் கேட்டது குடியுரிமை, காணி, சம்பளம். அதற்காகக் கூட்டமைப்பு கட்டினார், அறிக்கை எழுதினார், புள்ளிவிவரம் சேர்த்தார், மேடையேறினார். எளிமையான மனிதர், சிக்கலான வேலை. இன்று நமக்கு வருகிறவர்கள் தலைகீழ்.

அவர்கள் பதவி இல்லை என்கிறார்கள். சரி, பணப்பை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கூட்டத்தில் போதகர், அவர் மனைவி, மனைவியின் தம்பி; இவ்வளவுதான் நிர்வாகம். ஆண்டுக்கணக்கு வாசிக்கும் வழக்கம் இல்லை, ஏனென்றால் கணக்கு மாம்சத்துக்குரியது. தசமபாகம் மட்டும் ஆவிக்குரியது. நாளுக்கு ஆயிரம் ரூபா வேண்டும் என்று சனம் 2015 தொடங்கிக் கத்தி, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற தோட்டத்தில், அப்படிப் போராடி வாங்கும் காசில் பத்தில் ஒன்று. ஓய்வு பெற்றவருக்குச் சேமலாப நிதி வந்தால் அதிலும் பத்தில் ஒன்று. ஆதிச் சபையில் எல்லாம் பொதுவாக இருந்தது என்று வசனம் காட்டுகிறார்கள். அந்த வசனத்தின்படி விற்றவர்கள் நிலமும் வீடும் உள்ளவர்கள். பங்கு வாங்கினவர்கள் இல்லாதவர்கள். நிலமே இல்லாத சனத்திடம் வாங்கி நிலம் வாங்குவது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

பழைய சபைகளுக்கும் இதே கேள்வியைத்தான் வைக்கிறேன். அவர்கள் தப்பித்துப் போகக் கூடாது. மறைமாவட்டங்களுக்கும் சபைகளுக்கும் இந்த நாட்டில் காணி உண்டு, தோட்டத்துச் சனம் ஒரு துண்டுக் காணிக்கும் உறுதிக்கும் இன்னும் வரிசையில் நிற்கிறது. எருசலேமுக்குத் திரும்ப ஆசைப்படுகிறவர்கள் பர்னபாவிடமிருந்து தொடங்கட்டும். அவன் காணியை விற்றுக் காசைக் கொண்டுவந்து வைத்தான்.

அன்றைய கூட்டம் ஒன்பது மணிக்கு முடிந்தது. சின்னம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. புருசன் செத்துப் பதினொரு வருடம். தீமோத்தேயுவுக்கு எழுதின கணக்குப்படி பட்டியலில் முதல் பெயராக இருக்கவேண்டியவர். இருபத்தாறு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது அவர்தான். கடைசியில் காணிக்கைப் பை வந்தபோது, முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாத் தாள் ஒன்றைப் போட்டார்.